பேன் முந்தியா, கிருமி முந்தியா

ஏரிக்கரை மீன் நோய் ஆய்வகத்தில் மருத்துவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் கணவன் மனைவி. மீனின் மேலும் உள்ளேயும் ஒட்டிக்கொண்டு பிழைக்கும் புழு, பூச்சி, பேன் எல்லாம் அவர் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அவள் பொறுப்பு. அவர்கள் படித்த படிப்பின் பெயரைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ளக் கரையில் யாரும் தயாராக இல்லை. அவருக்குப் பேன் டாக்டர் என்றும் அவளுக்குக் கிருமியம்மா என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. அவர்தான் கொஞ்சம் சங்கடப்பட்டார். ஒருமுறை பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன் மகளைத் தரதரவென்று இழுத்து வந்து, "டாக்டர், தலை பூரா பேனுங்க. எதைப் போட்டாலும் போக மாட்டேங்குது" என்று அவர் மேசைக்கு முன்னால் உட்கார்த்திவிட்டாள். அவரும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், ஈரத்தலையை நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரும்படி சொல்லி அனுப்பினார். அடுத்த அறையில் கிருமியம்மா வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு குறுகலான நடைவழி. அவர் அறையில் கண்ணாடிக் குப்பிகளில் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் புழுக்கள். நாடா மாதிரி நீண்டவை, அரிசி மாதிரி குட்டையானவை. அவள் அறையில் கிருமி வளர்க்கும் தட்டுகளும் சூட்டுப்பெட்டியும், எப்போதும் கொதித்து ஆறிய இறைச்சிச் சாற்றின் வாடையும். வேலை நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் 'சார்', 'மேடம்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம் அது. பிறகு அதற்கு வேறொரு உபயோகமும் வந்து சேர்ந்தது. வீட்டில் அவர் 'மேடம்' என்று கூப்பிட்டால், கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த வருஷக் கோடையில், தென்கரையை ஒட்டிய வலைக்கூண்டுகளில் வளர்ந்த கெண்டை மீன்களுக்குப் புண் வந்தது. முதலில் செதிலோரத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு அது அகலமாகும், செதில் உதிரும், உள்ளே சதை தெரியும். மீன் தீனிக்கு வராது. கூண்டு மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, யாரோ திட்டிவிட்ட பிள்ளை மாதிரி நிற்கும். அதற்கப்புறம் வயிறு மேலாக மிதக்கும்.

கூண்டுகள் மீன் வளர்ப்போர் சங்கத்துடையவை. சங்கத் தலைவிக்கு உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. இந்தக் கரையில் நின்று அவள் பேசினால் எதிர்க்கரையில் இருப்பவர் பதில் சொல்லலாம். அவள் ஒரு வாளி நிறைய நோயாளி மீன்களைக் கொண்டுவந்து நடைவழியின் நடுவே டொக்கென்று வைத்தாள்.

"மனுசங்களுக்கே ஊருக்கு ஒரு டாக்டர்தான். மீனுக்கு ரெண்டு டாக்டர் வச்சிருக்கோம். சீக்கிரம் பாருங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க!"

சேர்ந்துதான் குனிந்தார்கள். ஆனால் பார்த்தது வேறு வேறு. அவர் ஒரு மீனின் வால் துடுப்பைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த ஒரு பொட்டை இடுக்கியால் நகர்த்திக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். அது பொட்டு இல்லை, மீன் பேன். கண்ணாடிச் சில்லு மாதிரி ஒளி ஊடுருவும் வட்ட உடம்பு, இரண்டு கறுப்புக் கண்கள், மீனைக் கவ்விக்கொள்ள இரண்டு உறிஞ்சு கிண்ணங்கள், நடுவே ஊசி மாதிரி ஒரு கொடுக்கு. தண்ணீரில் அது குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு நீந்தியது. அதைப் பார்க்கும்போது அவர் முகத்தில், பள்ளிக்கூட வாசலில் சொந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்ட தகப்பனின் களை வந்துவிடும்.

அவள் புண்ணின் ஓரத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்தாள். ஒரு மீனை அறுத்து, முதுகெலும்பை ஒட்டிய சிறுநீரகத்திலிருந்தும் ஒரு துளி எடுத்தாள். தட்டில் கோடு கோடாக இழுத்துப் பூசிச் சூட்டுப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் தட்டு பூராவும் பாலேடு நிறத்தில் வட்டவட்டமாகக் கிருமிக் கூட்டம். புண்ணிலும் அதுதான், சிறுநீரகத்திலும் அதுதான். மீனின் ரத்தத்திலேயே ஏறிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"பேன்தான் காரணம், மேடம்" என்றார் அவர் நடைவழியில். "ஒரு மீன் மேல கை நிறைய இருக்கு."

"கிருமிதான், சார். பேன் இல்லாத மீனுக்கும் புண் இருக்கே?"

"குடிச்சிட்டு எறங்கிப் போயிருக்கும். சாப்பிட்டவன் ஓட்டல்லயே படுத்துத் தூங்குவானா?"

"இந்த வெயில்ல தண்ணி கொதிக்குது. மீனுக்கு மூச்சே முட்டுது. உடம்பு தளர்ந்தா கிருமி ஏறத்தான் செய்யும். பேன் வருஷா வருஷம் இருக்கு. வெயில்தான் இந்த வருஷம் புதுசு."

ஆய்வக இயக்குநர் சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரே பதில்தான் வேணும். வீட்ல உக்காந்து பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்தார்கள். பேசத்தான் முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே சோபாவில் அடுத்தடுத்து உட்கார்ந்து அவரவர் பக்கத்துக்கு ஆதாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். இடையிடையே, "டீ போடவா?" "போடு." அவ்வளவுதான்.

கடைசியில் மருந்து கையில் இருந்ததால் அவள் வைத்தியம் முதலில் நடந்தது. எந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்கிறது என்று தட்டில் சோதித்துப் பார்த்து, அதைத் தீனியில் கலந்து கொடுக்கச் சொன்னாள். மருந்து உடம்பைவிட்டு இறங்கும்வரை ஒரு மீனைக்கூட விற்கக் கூடாது என்று தலைவியிடம் கறாராகச் சொல்லிவைத்தாள். புண்கள் ஆறின. தீனி போட்டால் தண்ணீர் கொதிப்பது மாதிரி மீன்கள் மேலே வந்தன. தலைவி ஆய்வகத்து வாசலிலேயே நின்றுகொண்டு, "கிருமியம்மா கை ராசியான கை!" என்று ஊருக்கே அறிவித்தாள். கிருமியம்மா அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

மழை பெய்தது. ஏரி குளிர்ந்தது. அவள் கணக்குப்படி இனிமேல் பிரச்சினையே கிடையாது. ஆனால் மருந்துத் தீனியை நிறுத்திக் கொஞ்ச நாளில், குளிர்ந்த தண்ணீரிலேயே, அதே சிவப்புப் புள்ளிகள் திரும்பி வந்தன.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லியிருந்தால்கூட அவள் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். வாயைத் திறக்காமல் அவள் பையை வாங்கிக்கொண்டு, மெதுவாக வீட்டுக்கு நடந்து வந்தாரே, அந்தப் பெருந்தன்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்து அவர் முறை. கூண்டுக் கூண்டாக மீன்களைப் பெரிய தொட்டியில் இறக்கி, பேனுக்கான மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார். பேன்கள் உதிர்ந்தன. சல்லடையில் அள்ளி எடுத்துத் தலைவியிடம் காட்டினார். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இத்தனையா!" என்று வியந்தாள். ஆனால் ஏற்கெனவே நோய் ஏறிய மீன்கள் செத்துக்கொண்டுதான் இருந்தன. அதைவிட மோசம், குளித்துவிட்டுப் போன மீன்களின் மேல் எங்கிருந்தோ புதுப் பேன்கள் வந்து ஏறின. முன்பைவிடப் பொடிப்பொடியாக, முன்பைவிட அதிகமாக.

இப்போது வாயைத் திறக்காமலிருப்பது அவள் முறையாயிற்று. அவர் பையை வாங்கிக்கொண்டு, அவருக்குப் பிடித்த மாதிரி டீ போட்டுக் கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் எதிரில் உட்கார்ந்தாள். பெருந்தன்மையாக இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சிரிக்காத" என்றார் அவர்.

"யாரு சிரிச்சா?"

"உள்ளுக்குள்ள சிரிக்கிற, மேடம்."

சந்தையில் வேறு பேச்சு ஓட ஆரம்பித்திருந்தது. ஏரி மீனைத் தின்றால் மனிதனுக்கும் புண் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நல்ல மீனையும் ஆட்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். தலைவியின் குரல் பாதியாகிவிட்டது. சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் அவர்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் நல்லாத்தானே பாக்குறீங்க. அப்புறம் ஏன் சரியாக மாட்டேங்குது?" என்று சாதாரணமாகக் கேட்டாள். இரண்டு பேருக்கும் முகம் தொங்கிப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் கிருமியம்மாவுக்கு முள் குத்தியது.

உயிருள்ள கெண்டை ஒன்றைப் பிடித்து அதன் மேலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். அது துள்ளியதில் முதுகுத் துடுப்பின் முதல் முள், ரம்பம் மாதிரிப் பல் வைத்த அந்த முள், கையுறையைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரலின் அடிச் சதையில் இறங்கிவிட்டது. கழுவி மருந்து தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மறுநாள் காலையில் கை பூரி மாதிரி உப்பியிருந்தது. சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏற ஆரம்பித்திருந்தது.

அவள் தங்கை ஊர் மருத்துவமனையில் டாக்டர். மனிதர்களுக்குத்தான். அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"தட்டுல வளர்த்தது போதாதுன்னு கையிலேயே வளர்க்க ஆரம்பிச்சுட்டியா?"

"வலிக்குதுடி, விளையாடாத."

"விளையாடலை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். அத்தான், இவளை ஒரு வாரம் வீட்டை விட்டு வெளிய விடாதீங்க. கையைத் தூக்கியே வச்சிருக்கணும். மாத்திரையை வேளை தவறாம குடுங்க."

சீழை ஊசியில் இழுத்தபோது அக்கா அந்த வலியிலும், "அதுல பாதியை எனக்குக் குடு. என் தட்டுல போட்டுப் பாக்கணும்" என்றாள். தங்கை அத்தானைப் பார்த்தாள். அத்தான் மேற்கூரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலை" என்றாள் தங்கை கட்டுப் போட்டுக்கொண்டே. "இத்தனை வருஷமா அந்தக் கிருமியிலதானே கையை விட்டுட்டு இருக்க? ஒரு நாளும் ஒண்ணும் வந்ததில்லை. இப்ப மட்டும் என்ன?"

"முள்ளு குத்திடுச்சு. உள்ள போக வழி கிடைச்சிடுச்சு, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. உடம்பில் வழி கிடைத்தால்தான் இந்தக் கிருமி உள்ளே போகும் என்பது அவள் என்றைக்கோ படித்ததுதான், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும்தான். ஆனால் அந்த வழியை வெயில் திறந்துவிட்டது என்றே இத்தனை நாளாகப் பிடிவாதம் பிடித்திருந்தாள். அவள் உடம்பில் எந்தத் தளர்ச்சியும் இருந்ததில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, திடமாக இருந்த உடம்பு. ஒரே ஒரு முள்துளை, அதற்குள் கை இப்படி ஆகிவிட்டது. அவர் கிண்ணத்தில் குட்டிக்கரணம் போட்ட அந்தப் பேன்களுக்கும் ஊசி மாதிரிக் கொடுக்கு இருந்ததே!

அவரிடம் உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கை முன்னால் தோற்றுப்போக அவளுக்கு மனசில்லை. கை வலிக்கிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரம் அவள் வீட்டில், தலையணை மேல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் அறையின் தட்டுகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். இறைச்சிச் சாற்று வாடை அவருக்குக் குமட்டும். அறைக்குள் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், வெளியே வந்துதான் விடுவார். தட்டில் எப்படி இழுத்துப் பூசுவது, பூசுகிற கம்பியை எவ்வளவு சிவக்கக் காய்ச்சுவது என்று தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் செய்தார். மதியம் ஓடிவந்து சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு, அவள் தலையை வாரிவிட்டுப் போனார். அவர் கையில் சீப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் பிற்பகல் தொலைபேசி அடித்தது. வழக்கத்துக்கு மாறாக அவர் குரல் தணிந்திருந்தது.

"உன் கை சீழ்ல வளர்ந்ததும் மீன் புண்ல வளர்ந்ததும் ஒரே ஆள்தான்."

"எதிர்பார்த்ததுதான்."

"இன்னொண்ணு. நீ இல்லைங்கிற தைரியத்துல நானா ஒரு வேலை பண்ணேன். வடகரையில நல்லா இருக்கிற மீன் மேல, சும்மா தோல் மேல, தொட்டெடுத்துத் தட்டுல போட்டேன். ஏரித் தண்ணியையும் போட்டேன்."

"ம்."

"எல்லாத்துலயும் உன் ஆள்தான் இருக்கான். புண்ணே இல்லாத மீன் மேலயும் இருக்கான். ஜாலியா உக்காந்திருக்கான்."

"அதான் ஏற்கெனவே தெரியுமே."

"உனக்குத் தெரியும். எனக்கு இப்பதான் கண்ணால பாத்த மாதிரி இருக்கு. பேன் கடிச்சா மட்டும் மீன் சாகாதும்மா. வடகரை மீன்லயும் ஒண்ணு ரெண்டு பேன் இருக்கு, நல்லாத்தான் திரியுது. கடிச்ச இடத்துல உன் ஆள் நுழைஞ்சாத்தான்..." அவர் இழுத்தார்.

அவள் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "முள்ளு குத்தலைன்னா என் கையும் நல்லாத்தான் இருந்திருக்கும். அன்னிக்கே தோணிச்சு. சொல்ல மனசு வரலை."

"அன்னிக்கேவா?"

"தங்கச்சி பக்கத்துல இருந்தாளே."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் அறைக்குள் நின்றுதான் மூச்சை அடக்கி அடக்கிப் பேசியிருக்கிறார் போல, சிரித்ததில் வாடை முழுக்க உள்ளே போய் இருமித் தள்ளிவிட்டார்.

இரண்டு பேரும் பாதிப் பாதி சரி என்பது இப்போது தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். உதிர்க்க உதிர்க்கப் புதுப் பேன்கள் எங்கிருந்து வருகின்றன? அதுவும் தென்கரைக்கு மட்டும்?

வீட்டுச் சிறை முடிந்ததும் இருவரும் படகில் கூண்டுகளுக்குப் போனார்கள். கையில் தண்ணீர் படக் கூடாது என்று தங்கை எச்சரித்திருந்ததால் அவர் அவளை எதையும் தொடவிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த அவளுக்குப் பொழுது போகவில்லை. கூண்டுகளுக்கு நடுவே தீனி போடுவதற்காகத் தலைவி அந்த வருஷம்தான் ஒரு நீளமான பலகைப் பாலம் போட்டிருந்தாள். நல்ல மரம், கனமான கால்கள். தலைவிக்கு அதில் அவ்வளவு பெருமை. யார் வந்தாலும் முதலில் அதில் ஏற்றி நடத்திக் காட்டுவாள். படகு அதன் நிழலில் ஒதுங்கியபோது, கிருமியம்மா குனிந்து ஒரு காலின் பக்கவாட்டைப் பார்த்தாள். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, மரத்தில், மஞ்சள் கலந்த வெள்ளையில் ஏதோ வரி வரியாக ஒட்டியிருந்தது. தையல் இயந்திரத்தில் ஓட்டிய மாதிரி அத்தனை ஒழுங்கு.

"இது என்ன? பூஞ்சையா?"

அவர் எட்டிப் பார்த்தார். எழுந்து நின்றார். படகு ஆடியது. "உக்காருங்க சார், கவுந்துடும்!" என்று படகோட்டி கத்தினார்.

"முட்டை!" என்றார் அவர். "பேன் முட்டை! மீன் மேல முட்டை போடாது. இறங்கி வந்து கெட்டியான எதுலயாவது ஒட்டிட்டுப் போகும். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் கரையோரக் கல்லைத்தான் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு இருந்தேன். இந்தப் பக்கம் தரை பூரா சேறுதானே, ஒட்ட இடமே கிடையாதேன்னு..." அவர் பாலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். ஒவ்வொரு காலிலும், ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும், தண்ணீருக்குள் இருந்த இடமெல்லாம் வரி வரியாக முட்டைகள். "நான் மீனைக் குளிப்பாட்டிட்டே இருக்கேன். இங்க பொரிச்சுக்கிட்டே இருக்கு!"

சந்தோஷத்தில் அவள் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அவள் போட்ட அலறலில் பாலத்தின் மேலிருந்து தலைவி எட்டிப் பார்த்தாள்.

விஷயத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் நெளிந்தார். கிருமியம்மாதான் மெதுவாக ஆரம்பித்து, மரம் நல்ல மரம்தான், பாலம் நல்ல பாலம்தான் என்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுச் சங்கதிக்கு வந்தாள். தலைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. இதோ திட்டப்போகிறாள் என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப நான் பேனுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்திருக்கேனா?" என்றாள் தலைவி. அவள் குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. எதிர்க்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நிழலும் குடுத்து, பக்கத்துலயே சாப்பாடும் போட்டு!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பிரிச்சுப் போட்டுடவா?"

"வேணாம்" என்றார் அவர் அவசரமாக. "அடியை எல்லாம் சுரண்டிடுவோம். அப்புறம், அதுங்களுக்கு முட்டை போட வேற பலகை குடுப்போம். கூண்டைச் சுத்தித் தொங்கவிடுவோம். அதுல வந்து ஒட்டும். பொரிக்கிறதுக்கு முன்னாடி தூக்கி வெயில்ல காயவச்சா முட்டை செத்துடும். வாராவாரம் இதே வேலை. சுரண்டுறதையும் விட்டுடக் கூடாது."

"நோய் முத்தின மீனுக்கு என் மருந்து" என்றாள் கிருமியம்மா. "அதை மட்டும் தனிக் கூண்டுல வச்சுக் குடுக்கணும். எல்லாத்துக்கும் கொட்டினா மருந்துக்கே கிருமி பழகிடும். அப்புறம் கூண்டுல நெரிசலையும் குறைங்க. இவ்வளவு நெருக்கமா இருந்தா ஒண்ணு மேலேருந்து இன்னொண்ணு மேல தாவுறதுக்குப் பேனுக்கு நீந்தக்கூட வேண்டாம்."

பலகைக்கு எங்கே போவது? தலைவி கரையில் நின்று ஒரு சத்தம் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் சும்மா கிடந்த மரமெல்லாம் வந்து சேர்ந்தது. கீல் போன கதவுகள், ஒரு கால் உடைந்த மேசைகளின் மேல்பலகை, பள்ளிக்கூடத்திலிருந்து வெடித்துப்போன கரும்பலகை, யாரோ ஒருவர் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை. அந்தக் கட்டில்காரர் மனைவிக்கு விஷயமே தெரியாது என்பது மறுநாள்தான் தெரியவந்தது. அந்த அம்மாள் கரைக்கே வந்து, கூண்டோரத்தில் தன் கட்டில் பலகை தண்ணீருக்குள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, இருக்கட்டும். நல்ல காரியத்துக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாரத்தில் ஒரு காலை எல்லோரும் கூடிப் பலகைகளை இழுத்துக் கரையேற்றுவார்கள். ஒவ்வொன்றிலும் முட்டை வரிகள். வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, காய்ந்த பலகைகளைத் திரும்ப இறக்குவார்கள். பேன் டாக்டர் ஒவ்வொரு பலகையாக முகத்தை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டே போவார். முதல் தடவை கதவு முழுக்கப் பூசினாற்போல இருந்த முட்டைகள் போகப் போக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தன. கிருமியம்மா தனிக் கூண்டு மீன்களைத் தூக்கிப் பார்ப்பாள். புண் இருந்த இடங்களில் வெளிறிய தழும்பும், அதன் மேல் குட்டிக் குட்டியாகப் புதுச் செதில்களும் வந்திருந்தன. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் அவள் கையிலும் முள் குத்திய இடத்தில் ஒரு தழும்பு இருந்தது.

சந்தைப் பேச்சைத் தங்கை பார்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வந்தவர்களெல்லாம் கேட்டபோது, "நல்லா வேகவச்சா ஒண்ணும் பண்ணாது. அறுக்கும்போது கையில புண் இருந்தா மட்டும் ஜாக்கிரதையா இருங்க. எங்க அக்காவைக் கேளுங்க, கை எப்படி வீங்குச்சுன்னு சொல்லுவா" என்று சொல்லிச் சொல்லி வதந்தியை அடக்கினாள். அக்கா கை வீங்கிய கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவி, கையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது என்ற அளவுக்கு வளர்ந்திருந்தது. கிருமியம்மா சந்தையில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் கடைசிவரை தீரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய அறிக்கையின் தலைப்பில் 'பேனும் கிருமியும்' என்று அவர் போட்டார். அவள் அதை அடித்து 'கிருமியும் பேனும்' என்று மாற்றினாள். அவர் திரும்ப மாற்றினார்.

"கடிக்காம எப்படி நுழையும்? பேன்தான் முந்தி."

"ஏரியில என் ஆள்தான் ஆதியிலேருந்து இருக்கான். கிருமிதான் முந்தி."

இயக்குநர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, 'தென்கரைக் கெண்டைகளின் புண் நோய்' என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

புது வருஷத்து மீன்கள் விற்பனைக்கு வந்த முதல் நாள் தலைவி ஒரு பெரிய பாத்திரத்தில் கெண்டைகளைச் சுத்தம் செய்து வீட்டுக்கே கொண்டுவந்தாள். தானே சமைக்கப் போவதாகச் சொல்லி அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டாள். தங்கையும் வந்து சேர்ந்தாள். மீன் வறுபடும் மணம் வீடு முழுக்க நிறைந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டு வந்ததும், கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் மீனைப் புரட்டி அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"வறுத்தாச்சு!" என்று தலைவி அடுப்படியிலிருந்தே கத்தினாள். "இனிமே எது இருந்தாலும் வெந்துதான் இருக்கும். பேசாம சாப்பிடுங்க!"

சாப்பிட்டார்கள். மொறுமொறுவென்று, முள் நிறைய, ருசியான மீன். அவர் தன் தட்டில் முள் எடுத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கை சரியாகி எத்தனையோ நாளாகிவிட்டதே என்று அவள் சொல்லவில்லை. அவர் தள்ளியதையெல்லாம் எடுத்துச் சாப்பிட்டாள்.